சத்தமாகப் படிக்க வேண்டிய தாள்

மாமல்லபுரம்
2.8.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

தீனதயாளன் எழுதுவது. நான் சௌக்கியம். நீங்கள், அம்மா, தங்கை மணிமொழி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களா?

கடைசியாக எழுதிய பரீட்சையிலும் சர்க்கார் வேலை கிடைக்கவில்லை. மெட்ராசில் இனியும் அலைய மனமில்லாமல் இங்கே ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இங்கே தங்கியிருக்கும் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் ஆளைவிட உயரமான பலகை ஒன்று வைத்திருக்கிறார். அதில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக் கடலுக்குள் போக வேண்டும். அலை எழும்பும்போது சட்டென்று எழுந்து நின்றால், அலையே கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். சர்ஃபிங் என்று பெயர். எனக்கும் கற்றுக்கொடுத்தார். முதல் வாரம் முழுக்க உப்புத் தண்ணீர்தான் குடித்தேன். மீன்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போயின. நேற்று நின்றுவிட்டேன் அப்பா! வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். மனது இவ்வளவு லேசாக இருந்து எவ்வளவோ காலமாயிற்று.

உங்கள் மகன்,
தீனதயாளன்

கச்சிராயபாளையம்
14.8.1987

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் பாதிதான் படித்துக் காட்டினேன். நீ கடலில் இறங்குவது தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

கரும்பு போட்டுப் படிக்கவைத்த பிள்ளை பலகைமேல் நின்றேன் என்று எழுதுகிறாய். நான் என்ன சொல்ல? டீக்கடையில் பொன்னுரங்கம் மாமா கேட்டார், "இன்னா மச்சான், தீனா எந்த ஆபீஸ்ல வேல பாத்துக்கினு இருக்கான்?" நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி முதல் ஒரு வாரம் சாலை மறியல். நம் ஜாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்த வயதில் எந்த ஆபீசில் நாற்காலி போடப் போகிறார்கள்? எல்லாம் உனக்காகத்தான். மாமா மகன் இளஞ்செழியன் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கிறான். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன்தானே அவனும். அதற்குள் வந்து சேர். நீயும் அவனும் சேர்ந்து நின்றால் எனக்குப் பெருமை.

இப்படிக்கு,
சடையன்

மாமல்லபுரம்
30.8.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வரவில்லை. நீங்கள் கேட்பது தவறு என்று சொல்லவில்லை. இரண்டு மார்க்கில், மூன்று மார்க்கில் தள்ளப்பட்டவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த வரிசையில் மறுபடியும் போய் நிற்க என்னால் முடியாது. இளஞ்செழியனுக்கு அந்தத் தெம்பு இருக்கிறது. அவனும் எழுதியிருந்தான். "நீ அங்க ஜாலியா இரு, உனுக்கும் சேத்து நான் கத்துறேன்" என்று. அவனிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடுகிறேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மன்னித்துவிடுங்கள்.

தீனதயாளன்

கச்சிராயபாளையம்
4.10.1987

அன்பு மகனுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

இளஞ்செழியன் போய்விட்டான். மறியலின் இரண்டாம் நாள், ரோட்டை அடைக்க ஓரத்துப் புளியமரத்தை அறுத்தார்கள். அவன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மரம் திரும்பி அவன்மேலேயே விழுந்துவிட்டது. மூச்சு இருந்தது. கட்டிலில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாங்கள் வெட்டிப் போட்ட மரங்களே வழியெல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் கட்டிலை ஏற்றி இறக்கினோம். பாதி வழியில் பொன்னுரங்கம் மாமா, "போதும் மச்சான், எறக்குங்க" என்றார். உனக்குத் தந்தி கொடுக்கவும் வழியில்லை.

நான் கூப்பிட்டபடி நீ வந்திருந்தால் அந்தக் கயிற்றை நீயும் பிடித்திருப்பாய். நீ வரவில்லையே என்று அன்று என் மனது நிம்மதிப்பட்டது. அதே மனதோடு மாமா பக்கத்தில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

அவர் தினமும் சாயங்காலம் நம் வீட்டுக்கு வருகிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். போன வாரம் உன் முதல் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "தீனா லெட்டரா? படிச்சுக் காட்டு மச்சான்" என்றார். தயங்கித்தான் படித்தேன். மீன்கள் ஒதுங்கிப் போன இடத்தில் சிரித்துவிட்டார். அவன் போனபின் இதுதான் முதல் சிரிப்பு. எதிர் வீட்டிலிருந்து அவன் அம்மா தைலம்மாள் அத்தை ஓடிவந்து வாசலில் நின்று பார்த்தாள். மறுநாளும் அதையே படிக்கச் சொன்னார். இப்போது அவருக்கே மனப்பாடம்.

உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். கடலைப் பற்றி எழுது. சிரிக்கிற மாதிரி எழுது.

அப்பா

மாமல்லபுரம்
18.10.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தத் தாளை நீங்கள் மட்டும் படியுங்கள். அடுத்த தாளைச் சத்தமாகப் படிக்கலாம்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பலகையைத் தொடவில்லை. இளஞ்செழியன் எழுதியதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அடுத்த தாளை எழுத எனக்கு இத்தனை நாளாயிற்று. அதில் இருப்பது நிஜமாக நடந்ததுதான், சிரிப்பை மட்டும் பழைய நாளிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

உங்கள் நிம்மதியைப் பற்றி மாமாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அதை நான் சுமந்துகொள்கிறேன்.

தீனா

பொன்னுரங்கம் மாமாவுக்கும் தைலம்மாள் அத்தைக்கும்,

எங்கள் லாட்ஜ் சமையல்காரர் ராஜாங்கம் அண்ணன் நல்ல கனத்த உடம்பு. "நீ நிக்கிற பலகைல நான் நிக்க மாட்டனா?" என்று ஒருநாள் வேட்டியோடு கடலில் இறங்கிவிட்டார். பலகையில் படுத்தார், பலகை காணாமல் போனது. அடியில்தான் இருந்தது. பெரிய அலை ஒன்று வந்து அவரையும் பலகையையும் கரையோரம் சேர்த்தது. வேட்டியைச் சேர்க்கவில்லை. கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, "டேய் தீனா, எதுனா துணி கொண்டாடா!" என்று கத்துகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்கார அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணனுக்கு மரியாதை முக்கியம். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட எழுந்தவர், பாதியில் ஞாபகம் வந்து தலைவரைக்கும் முங்கிவிட்டார். கடைசியில் சாப்பாட்டு மேஜை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதில் குழம்புக் கறை. தினமும் அவரிடம் இன்று என்ன குழம்பு என்று கேட்பவன் நான். "இப்ப இன்னா குழம்புன்னு கேளு, பாப்போம்" என்று என்னை ஒரு வாரம் முறைத்தார்.

இப்படி இன்னும் நிறைய இருக்கிறது மாமா. எல்லாவற்றையும் எழுத முடியாது. தை மாதம் உங்கள் கரும்பு வெட்டுக்கு நான் வருகிறேன். வெட்டு முடியும்வரை இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

அந்த நாளெல்லாம் உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அத்தை, இலை போடுங்கள்.

தீனதயாளன்