காற்றாலைப் பலகையும் டீசல் புகையும்

மே 12, செவ்வாய்

மாலை மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடியது. எங்கள் மலை விடுதியில் போன வாரம் நான் மாட்டிய பலகை, ‘இங்கு எரிவது முழுக்கக் காற்றாலை மின்சாரம்’ என்று சொல்கிறது. கேட்டைத் திறந்ததும் தெரியட்டும் என்று ஜெனரேட்டர் அறைச் சுவரிலேயே மாட்டியிருந்தேன். அதன் மேல் டீசல் புகை படிய, மதுரையிலிருந்து வந்த குடும்பம் சிரித்துக்கொண்டே படம் எடுத்தது.

எலெக்ட்ரீஷியன் செல்வம் சிரிக்கவில்லை. “சார், காத்தாடி கரண்டுக்குத் தனி ஒயரு எங்க கெடக்கு?”

அப்படி ஒன்று இல்லை என்றேன். கீழே சமவெளியில் ஒரு காற்றாலை பொது லைனில் கரண்டை விடுகிறது. விட்ட அளவுக்கு அதற்குச் சான்றிதழ் கிடைக்கிறது. நாம் செலவழிக்கும் யூனிட்டுக்கு ஈடாக அந்தச் சான்றிதழை வாங்குகிறோம். நமக்கு வருவது ஊருக்கே வரும் அதே கரண்ட்தான்.

“நாம வாங்கலேன்னா அந்தக் காத்தாடி நின்னு போயிருமா சார்?”

“நிக்காது. அதுபாட்டுக்குச் சுத்தும். ஓனருக்கு மேற்கொண்டு கொஞ்சம் காசு வரும்.”

செல்வம் யோசித்தார். “அப்ப, பழனிக்கு மொட்டை போடப் போறவன் கையில ரூவாயக் குடுத்துட்டு, என் வேண்டுதல் முடிஞ்சுருச்சுன்னு நான் முடியோட திரியுற மாதிரில்ல இருக்கு.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. நாளைக்கே பலகையில் ‘காற்றாலைச் சான்றிதழ் வாங்குகிறோம்’ என்று மட்டும் மாற்றி எழுதச் சொல்லிவிட்டேன். முதலாளி கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

படுக்கும் முன் கண்ணாடியில் தலையைப் பார்த்தேன். மகள் பிறந்தபோது பழனிக்கு நேர்ந்துகொண்ட மொட்டை இன்னும் பாக்கி. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு. செல்வம் இது தெரியாமல்தான் சொன்னாரா, இல்லை தெரிந்தேதான் சொன்னாரா?