உப்பு கசிந்த செவ்வாய்க்கிழமை

கோவில்பட்டி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜீனாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், பூனாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், இது முதலிலிருந்து சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை கிடைத்துவிடுமாம். பசுவந்தனைக் காட்டில் உளுந்து நன்றாக வந்திருக்கிறது, அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆனால் இந்த வாரம் அவரைவிடப் பெரிய ஆள் நான்தான்.

எங்கள் தீப்பெட்டி ஆபீஸுக்கு முதலாளியின் அக்கா மகன் மேனேஜராக வந்திருக்கிறான் என்றேனே, எந்த நாளில் எவ்வளவு குச்சி மருந்தில் முக்க வேண்டும் என்று சுவரில் சார்ட் ஒட்டிவிட்டான். செவ்வாய்க்கிழமை ஒரே மூடாக்கு, வெயிலே இல்லை. நாங்கள் காலையில் அடுப்படியில் உப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே வேனில் ஏறுவோம், காற்றில் ஈரம் இருந்தால் உப்பு கசிந்திருக்கும், அன்றைக்கு மருந்து காயாது. உப்பு கசிஞ்சிருக்கு தம்பி, இன்னைக்கு முக்க வேண்டாம் என்று மாடத்தி அக்கா சொன்னாள். இது கம்பெனியா, உங்க வீட்டு அடுப்படியா என்று கேட்டுச் சிரித்தான். முக்கினோம். சாயங்காலம் பார்த்தால் குச்சியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது, உரசினால் பொறிகூட வரவில்லை.

மறுநாள் ஒரு பேப்பரோடு வந்தான். எங்கள் கவனக்குறைவால் சரக்கு வீணாகிவிட்டது என்று எழுதி, பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதிவேட்டில் முதல் பெயர் என்னுடையது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, செய்யாத தப்ப செஞ்சேன்னு நான் எப்படித் தம்பி எழுதுவேன் என்று கேட்டுவிட்டேன். என் பின்னால் ஒருத்தியும் பேனாவைத் தொடவில்லை. எல்லாரும் வேன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். மத்தியானம் முதலாளி அண்ணாச்சி வந்து ஒரு குச்சியை உரசிப் பார்த்தார். உப்பு பாத்தியளா என்று மட்டும் கேட்டார். பாத்துச் சொன்னோம் அண்ணாச்சி என்றாள் மாடத்தி அக்கா. அவர் மருமகனிடமிருந்து அந்தப் பேப்பரை வாங்கிக் கிழித்துப் போட்டார். இன்றைக்குக் காலையில் போனால் சார்ட்டுக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் உப்பு, அந்தப் பையனே தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவளா பேசினா என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஜீனா, சோதித்துப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்று நீ கேட்டும் உன் மேனேஜர் கொடுக்கவில்லை, வேலை கெட்டதும் தப்பு உன்னுடையது என்று வருகிற திங்கட்கிழமைக்குள் மெயில் போடச் சொல்கிறான் என்று ஞாயிற்றுக்கிழமை அழுதாய். போட்டுக் கொடுத்துட்டு வேலையப் பாருட்டி என்று சொன்னவள் நான்தான். இருபத்திரண்டு வருஷம் பயந்தே வேலை பார்த்த வாய் அப்படித்தான் சொல்லும். அந்த மெயிலைப் போடாதே. வேலை போனால் ரயிலேறி வா, அப்பா வண்டியோடு ஸ்டேஷனில் நிற்பார்.

உடம்புக்குச் சூடு, தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. தேவமாதா உன் கூடவே இருப்பாள். என் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே மெயிலைப் போட்டிருந்தால் உன் மேல் கோபமில்லை, நீதான் என்னை மன்னிக்க வேண்டும். இன்னும் போடவில்லை என்றால் உடனே கூப்பிடு, மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து கூப்பிடு.

உன் அம்மா,
ஸ்டெல்லாமேரி