நாற்பதாம் பக்கத்தோடு நீ மூடிய புத்தகம்

புதிதாக அச்சடித்த விளம்பரப் பெனருக்கு ஒரு வாசம் உண்டு. மழைக்கோட்டை வெயிலில் காயப்போட்டது போல ஒரு ரப்பர் வாசம். திங்கட்கிழமை காலை நூலகத்துக் கேற்றைத் திறக்கும்போதே அது என் மூக்கில் அடித்தது. வாசல் மாமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். 'இவ்வாண்டில் எமது ஊழியர்களின் மனங்கவர்ந்த நூல்கள்' என்று முழ நீளத்துக்கு எழுத்து. கீழே ஐந்து பெயர்கள், பக்கத்தில் ஐந்து புத்தகங்கள். மூன்றாவதாக உன் பெயர்.

நீ போனது போன வருடம் கார்த்திகையில், வாவித் தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்ற கிழமையில். உன் ஆண்டுத் திவசத்துச் சோற்றைச் சாப்பிட்டுக் கைகழுவிய ஊர் இது. அதே ஊரில், இந்த வருடம் நீ விரும்பி வாசித்தாய் என்று எழுதிக் கட்டியிருக்கிறார்கள். எந்தப் புத்தகம் என்றும் சொல்லிவிடுகிறேன், படுத்திருந்தால் எழும்பி உட்கார். நூலகத்தை நடத்துகிற மாநகர சபையின் பெரியவர் அன்பளிப்பாகத் தந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பு. மேலட்டையில் அவரே கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாரே, அதுதான்.

என் பெயருக்கு நேரே 'இறால் வளர்ப்புக் கைநூல்'. இறால் ஆக்கிய சட்டியைக் கழுவினாலே உடம்பெல்லாம் தடிக்கிற ஆள் நான். இருபது வருடம் என்னோடு ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தவள் நீ, உனக்குத் தெரியாததா. என்னுடையதை நான் சிரித்துக்கொண்டு விட்டிருப்பேன். உன்னுடையதை விட முடியவில்லை.

மார்கழியில் நாம் செய்துவந்தது என்ன, இது என்ன. வாசல் மேசையில் ஆளுக்கொரு புத்தகம் வைப்போம். உள்ளே ஒரு துண்டுத்தாள், கையால் எழுதிய நாலு வரி. அவ்வளவுதான், படமில்லை, பெனரில்லை. ஆனால் நீ போட்ட சட்டம் இரண்டு இருந்தது. அந்தப் புத்தகம் அவரவர் இரவல் அட்டையில் பதிந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்ததாக இருக்க வேண்டும். துண்டில் பிடித்ததோடு பிடிக்காதது ஒன்றும் எழுதியிருக்க வேண்டும். "உன்ட அட்டையில ஏறாத புத்தகத்துக்கு நீ சாட்சி சொல்லாத கா" என்பாய். மேசையில் புத்தகத்தை வைக்க வருகிறவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாய். பழைய நூலகர் ஐயாவிடம்கூடக் கேட்டாய். அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்து நீட்டினார்.

அந்த முதல் சட்டம் என் பிழையால் வந்தது. ஏழெட்டு வருடம் இருக்கும். அந்த மார்கழியில் எனக்கு நேரமில்லை. ஒரு நாவலைப் பாதி வாசித்துவிட்டு, 'சிரித்துக்கொண்டே வாசிக்கலாம், மனம் லேசாகும்' என்று எழுதி வைத்தேன். கல்லடியில் இருந்து புத்தகம் எடுக்க வருகிற அக்கா அதை எடுத்துக்கொண்டு போனா. வாகரையில் வாழ்ந்தவ, சுனாமியில் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டில் வந்து இருக்கிறவ. நான் வாசிக்காத பாதியில், அந்தக் கதையில் தோணி கவிழ்ந்து ஒரு பிள்ளை போகிறது.

நாலாம் நாள் அக்கா புத்தகத்தை மேசையில் வைத்தா. "முடிவு வாசிக்கல்லியா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டா. நான் உளறினேன். "இல்லக்கா, முதல் பாதி நல்லா இரிந்திச்சி, அதான்..." நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அன்று பின்னேரம் நூலகத்தைப் பூட்டியதும் என் கையைப் பிடித்து வாவிப் பாலத்தைக் கடந்து கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அக்காவின் முற்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவ ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நின்று சொன்னாய்: "மறந்து போயிட்டு எண்டா ஒண்டும் சொல்லமாட்டன். வாசிக்காமலே வாசிச்ச மாதிரிச் சொன்ன பாரு, அதான் எனக்குத் தாங்க ஏலாம இரிக்கி. அவ உன்ன நம்பித்தானே கா எடுத்த."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் அக்கா வருவா. உன் துண்டு உள்ள புத்தகத்தைத்தான் எடுப்பா. எடுக்கும்போது ஒரே கேள்வி, "முடிவு எப்பிடி?" கதையின் முடிவைச் சொல்கிறவர்களைக் கண்டாலே எரிந்து விழுகிற நீ, அக்காவைக் கதிரையில் இருத்தி, கடைசிப் பக்கம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லுவாய்.

இப்போது புதிய நூலகர் வந்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். போய்க் கேட்டேன்.

"சபையில இருந்து அஞ்சு பேர்ட பேர் கேட்டாங்க. பைல்ல இருந்த பழைய லிஸ்ட அனுப்பின நான். புத்தகத்த அவங்களே போட்டிருக்காங்க" என்றார்.

"சேர், அவ உயிரோட இல்ல."

"தெரியும். அதையும் ஒரு கௌரவமா எடுங்களேன். செத்த ஆள் எழும்பி வந்து கேக்கவா போறா?"

எனக்குத் தலைக்குள் கொதித்தது. மேசை லாச்சியை இழுத்து உன் இரவல் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அந்தக் கட்டுரைத் தொகுப்பு உன் அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. வியாழக்கிழமை எடுத்து வெள்ளிக்கிழமை திருப்பியிருக்கிறாய். பக்கத்திலேயே உன் சின்ன எழுத்து: 'நாற்பதாம் பக்கத்தோடு மூடினேன். தன்னை விட்டு வெளியே வருகிறாரே இல்லை.' அவர் வாசித்தார், லேசாகச் சிரிக்கவும் செய்தார். பிறகு அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதெல்லாம் ஆர் பாக்கிற? பொங்கல் வரைக்கும்தானே கிடக்கும், விடுங்க" என்றார்.

நானும் விட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், மூன்று நாள் அந்தப் பெனருக்குக் கீழால்தான் போய் வந்தேன். வாய் பெரிசு, கை சின்னது என்று என்னை நீ ஏசுவாயே, அது சரிதான்.

வியாழக்கிழமை கல்லடி அக்கா வந்தா. குடையை மடக்காமல் பெனருக்கு முன்னால் வெகுநேரம் நின்றா. நேரே உள்ளே வந்து சபைப் பெரியவரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்தா.

"அவ சாகமுந்திச் சொல்லிப்போட்டுத்தான் போயிரிக்கா போல. இத எடுப்பம்" என்றா.

திகதி முத்திரை என் கையில் இருந்தது. குத்தினால் முடிந்தது. ஒரு பொய்யை நான் எழுதியதற்கே பாலம் கடந்து கூட்டிக்கொண்டு போனவள் நீ. இன்றைக்கு உன் பெயரால் அதே அக்காவுக்கு ஒரு பொய் போகிறது, அதற்கு முத்திரை குத்துகிறவள் நான்.

"அக்கா, அவ இத வாசிச்சு முடிக்கல்ல. அவக்கு இது பிடிக்கவும் இல்ல."

"அப்ப ஏன் புள்ள அவட பேரப் போட்டிரிக்கி?"

புத்தகம் கட்டும் அறையில் இருந்து கத்தியையும் ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பென்சன்காரர் எல்லாம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏறி நின்று, உன் பெயர் இருந்த வரியை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை வெட்டி எடுத்தேன். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான். "நேரா வெட்டு புள்ள" என்று வேறு சொன்னா.

அடுத்த நாளே சபையில் இருந்து கடிதம் வந்தது. பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு எழுத்தில் விளக்கம் தரவேண்டுமாம். முதலில் இரண்டு பக்கம் எழுதினேன், ஆத்திரத்தில் பேனை தாளைக் கிழித்தது. செத்தவர்களின் வாயில் புகழைத் திணிக்கிறீர்களே, உயிரோடு இருக்கிறவர்கள் வாசித்துப் பாராட்டுவதற்கு எழுதத் தெரியாதா என்றெல்லாம் கேட்டிருந்தேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே வரியில் கொடுத்தேன்: 'பெனரில் பெயர் குறிப்பிடப்பட்ட ஊழியர் அந்நூலை நாற்பதாம் பக்கத்துக்கு மேல் வாசிக்கவில்லை, அவரது இரவல் அட்டையின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.' இன்னும் பதில் இல்லை. இடமாற்றம் வந்தாலும் வரட்டும். நூலகர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் வெட்டிய இடத்தை ஒட்டச் சொல்லவும் இல்லை.

உன் பெயர் இருந்த அந்தத் துண்டை மடித்து என் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் ரப்பர் வாசம் வருகிறது. இறந்தவரின் இரவல் அட்டையை ரத்துச் செய்ய வேண்டும் என்பது விதி. ஒரு வருடமாக அதை நான் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். அதன் கடைசி வரியில் ஒரு நாவல் இருக்கிறது, சண்டை பிடித்துப் பிரிந்த அக்கா தங்கச்சி கதை. எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு உன் மகள்தான் கொண்டுவந்து தந்தாள். பாதிக்குக் கொஞ்சம் அப்பால், நீ அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கட் அப்படியே இருந்தது. அந்த நாவலை என் அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் டிக்கட் இருந்த பக்கத்தைக் கடக்க எனக்குப் பல மாதம் பிடித்தது.

அன்றைக்கு அக்காவை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அந்த நாவலைத்தான் கொடுத்தேன். உள்ளே என் கையெழுத்தில் துண்டு: 'டிக்கட் வரைக்கும் அவள் வாசித்தாள். மிச்சத்தை நான் வாசித்தேன். நடுவில் வருகிற கல்யாண வீடு தேவைக்கு மேல் நீளம்.'

"முடிவு எப்பிடி?" என்று கேட்டா.

கதிரையில் இருத்திச் சொன்னேன். உனக்கும் சொல்ல வேண்டும், நீ அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. தங்கச்சிக்காரி கோபம் ஆறித் திரும்பி வருகிறாள். அக்காக்காரி கதவைப் பூட்டாமல்தான் வைத்திருக்கிறாள். ஒருத்தரும் சாகவில்லை.