வழுக்குவதற்கு ஒரு நைலோன் சட்டை

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் வெயில். இரண்டு மணிக்கே மூடுபனி. கொடியில் போட்ட உடுப்பு ஒன்றும் காயவில்லை.

19ஆம் திகதி எங்கள் தோட்டத்து லய வீட்டு ஆட்கள் எல்லாரும் கடற்கரைப் பக்கம் இருக்கிற தண்ணீர்ப் பார்க்குக்குப் போகிறார்களாம். பஸ் பேசியாயிற்று. தர்ஷினி ஓடி வந்து சொன்னாள். மகளுக்கு வயது பன்னிரண்டு, துள்ளுவது ஆறு வயது மாதிரி. பெரிய குழாய்க்குள் ஒரே டியூபில் இரண்டு பேர் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வரலாமாம். அப்பா கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அவர் போய் ஏழு மாதம்.

துக்க வருஷம். போகலாமா? பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அண்ணியைக் கேட்டேன். அவருடைய அக்கா. அண்ணி சொன்னால்தான் சரி.

"தீவாளி கூடாது, வருசப் பொறப்பு கூடாது. வழுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே. புள்ளயக் கூட்டிட்டுப் போ. நானும் வாறேன்."

ஏப்ரல் 8, செவ்வாய்

தேயிலைக் கொழுந்து குறைவு. காலில் மூன்று அட்டை.

சாயந்திரம் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்கும்போது முன்பள்ளி டீச்சர் போனைப் பார்த்துப் பார்க்கின் சட்டம் வாசித்தார். சேலை கூடாது. பருத்தி கூடாது. நைலோன் உடுப்பு என்றால்தான் தண்ணீரில் விடுவார்கள்.

அண்ணி: "அப்ப கொழுந்தெடுக்கயில இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் படங்கக் கட்டிக்கிட்டு எறங்குவோம் டீச்சர். அதுல பருத்தி இல்லல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். பிறகு சிரித்துவிட்டோமே என்று இருந்தது.

சாப்பிடும்போது தர்ஷினி: "அப்பாவோட புட்போல் ஜேர்சி நைலோன்தானேம்மா? இருந்திருந்தா நீங்க போட்டிருக்கலாம். எல்லாத்தையும் குடுத்துட்டோமே."

அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.

எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணி அவர் உடுப்பை மூட்டை கட்டிக் கொடுத்தபோது அதை மட்டும் உருவி ஒளித்துவிட்டேன். மஞ்சள். முதுகில் 9. தகரப் பெட்டியில், சொப்பிங் பேக்கில், இறுக்கி முடிச்சு. கடைசியாக விளையாடிவிட்டு வியர்வையோடு கழற்றிப் போட்டது. துவைக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் அவிழ்த்து மோந்து பார்ப்பேன். அடிக்கடி திறந்தால் வாசம் தீர்ந்துவிடும்.

செத்தவர் துணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அண்ணிக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

ஏப்ரல் 12, சனி

ஹட்டன் கடைத்தெரு. வருஷப் பிறப்புக் கூட்டம். தர்ஷினிக்கு நீல நைலோனில் சட்டையும் கால்சட்டையும். எனக்குக் கால்சட்டை கிடைத்தது, மேல்சட்டை இல்லை.

கடைப் பையன்: "ஒங்க சைஸ் முடிஞ்சிருச்சுக்கா. வருசம் முடிஞ்சு வாங்க."

பஸ்ஸில் பாதி வழி வந்ததும் தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். மெதுவாக, "நீங்க கீழ நின்னு கை காட்டுங்கம்மா, போதும். நான் டீச்சரோட வழுக்குறேன்."

இவள் பெரிய மனுஷி மாதிரி பேசும்போதுதான் தாங்க முடியவில்லை.

கொண்டுபோக:
எலுமிச்சம்பழம் 4
சொப்பிங் பேக் நிறைய (அண்ணிக்கு வளைவில் வாந்தி)
புளிச்சோறு, சம்பல்
துவாய்
ஜேர்சி?

ஏப்ரல் 16, புதன்

மழை. வேலை இல்லை. தர்ஷினி டீச்சர் வீட்டில்.

முடிச்சை அவிழ்த்தேன். பாதி அவர் வாசம், பாதி பிளாஸ்டிக் வாசம். முகத்தில் வைத்துக்கொண்டு இருக்கும்போதே அண்ணி உப்புக் கேட்டுக்கொண்டு கதவைத் தள்ளிவிட்டார். மறைக்க நேரமில்லை.

நின்றார். கையை நீட்டி வாங்கினார்.

"மூட்டை கட்டுனது யாரு? நாந்தானே. ஒண்ணு கொறயிறது எனக்குத் தெரியாதா?"

"அண்ணி, நான்..."

"இதப் போட்டுக்கிட்டு எந்தம்பி ஒரு கோல் அடிச்சதில்ல. நீயாவது ஒழுங்கா வழுக்கு."

கக்கத்தில் கிழிந்திருந்தது. ஊசி நூல் கேட்டார். தைக்கும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. உப்பை மறந்துவிட்டுப் போய்விட்டார். பிறகு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மழை விட்டது. துவைத்துவிட்டேன். எப்படியும் வாசம் போகத்தான் போகிறது. முன்பின் தெரியாத ஆட்கள் குதிக்கிற தண்ணீரில் போவதைவிட அவர் குளித்த பீலியிலேயே போகட்டும். சவர்க்காரம் கொஞ்சம்தான் போட்டேன்.

தண்ணீர் ஓடுகிற பக்கம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

கா. 4.30. குளிர். புளிச்சோறு கட்டியாயிற்று.

ஜேர்சி வெளியில் காயவில்லை என்று அடுப்புக்கு மேல் போட்டிருந்தேன். இப்போதுதான் காய்ந்தது. மோந்து பார்த்தேன். வெறும் புகை. இரண்டாம் தரமும் மோந்தேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் முன்னால் அடுப்போரம் குந்திப் பிளேன்டீ குடித்துவிட்டு எழும்புவாரே, அப்போது இதே வாசம்தான்.

சேலைக்குள்ளே போட்டுக்கொண்டேன். தொளதொள. தர்ஷினிக்கு இன்னும் சொல்லவில்லை. அங்கே போய்ச் சேலையைக் களைந்ததும் பார்க்கட்டும். டியூபில் முன்னால் நான், பின்னால் அவள். கண் முன்னே 9.

"யம்மா, பஸ்ஸு வந்துருச்சு! அத்த இப்பவே எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு நிக்கிறாங்க!"

கழுத்தில் ஜேர்சியின் மஞ்சள் தெரிகிறது. சுவெட்டர் எங்கே.