பட்டனின் மூக்குப்பதிவு

அன்புள்ள விர்ஜில் அண்ணாவுக்கு ஆர்லீன் எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்; ஜெர்மனியில் உன் ராணுவ முகாமில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் கடிதம் தனியாக வரும், அதில் எல்லாம் நல்ல செய்தியாக இருக்கும். அவளுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன்.

மாநில விவசாயக் கண்காட்சிக்கு மாட்டோடு வந்து இரண்டு நாளாகிறது. மாட்டுக் கொட்டகையிலேயே படுக்கை. அப்பா தூங்குகிறார், நான் தீவன மூட்டைக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வரும் வழியெல்லாம் அப்பாவின் வழக்கமான கதைதான். கண்காட்சி வருடத்துக்கு ஓர் ஊராக மாறிக்கொண்டிருந்த காலத்தில் கொள்ளுத்தாத்தா இரண்டு நாள் வண்டியோட்டி வந்து பூசணிக்காய்க்குப் பரிசு வாங்கியது, இந்த இடம் நிலையானபின் தாத்தா மக்காச்சோளத்துக்கு முதல் பரிசான நீல நாடா வாங்கியது, போரின்போது கண்காட்சி நின்று கொட்டகை ராணுவக் கிடங்கானது, மறுபடி திறந்த வருடமே அப்பா ஜெயித்தது. இந்த வருஷம் அந்த வரிசையில உன் பேரு என்றார். சரி என்றேன்.

போட்டிக்காக நான் கன்றிலிருந்து வளர்த்த பட்டன் செத்துப்போனது அண்ணா. ஜூனில் ஈரத் தீவனப்புல் மேய்ந்து வயிறு உப்பி விழுந்தது. அம்மா அப்போது சித்தி வீட்டில் இருந்தாள். அப்பா அதைப் புதைத்துவிட்டு, எங்கிருந்தோ அதே போல ஒரு கறுப்பு மாட்டைக் கொண்டுவந்து, இதையும் பட்டன் என்றே கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டால் அது திரும்புவதில்லை. பக்கத்துத் தடுப்பில் மாடு கட்டியிருக்கும் லொவெட்டா இன்று பார்த்துவிட்டு, "என்னடி, உன் மாட்டுக்கு அதோட பேரே தெரியல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சாப்பிட முடியவில்லை.

பிள்ளைகள் தாங்களே வளர்த்த மாட்டைத்தான் கொண்டுவந்திருக்கிறார்களா என்று நாளைக் காலை ஆறு மணிக்குச் சோதிப்பார்கள். நம் கைரேகை மாதிரி மூக்குக் கோடும் மாட்டுக்கு மாடு வேறாம். மூக்கில் மை தடவி அட்டையில் ஒற்றி, டிசம்பரில் எடுத்த பதிவோடு ஒப்பிடுவார்கள். பொய் என்றால் நம் குடும்பத்துக்கு இனி இந்த வாசலே கிடையாது. அப்பா ஒரு யோசனை வைத்திருக்கிறார். "மூக்கைத் தொடைக்காதம்மா. ஈரமா இருந்தா மை கலங்கிப் போயிடும். சோதிக்க வர்ற கெழவர் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்றுவரை பயமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது. நான் துடைக்கப்போகிறேன் அண்ணா. கோடுகள் தெளிவாக விழும்படி இரண்டு தடவை துடைப்பேன். அதன்பிறகு அப்பாவோடு லாரியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டும். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். குளிருக்கு முன்பே கம்பளிக் காலுறை கேட்டு எழுது, அம்மா பின்னி அனுப்புவாள். மறக்காதே, அடுத்த கடிதம் எனக்கு வேண்டாம்; நாளைக்குப் பிறகு அது அப்பாவுக்குத்தான் தேவைப்படும். உறைமேல் அப்பா பெயர் மட்டும் இருக்கட்டும்.

உன் தங்கை,
ஆர்லீன்