பிஸ்கட் டின்னில் இருந்த விளக்கு

இனி நான் எதைக் கேட்டாலும் வாய் திறக்காத என் அருமை அண்ணாவுக்கு,

நேற்று மாலை நம் வீட்டில் உன் விளக்கு எரிந்தது. நீ குறிப்பு எழுதிவைத்த கொப்பியைப் பார்த்து நான் செய்தது. பட்டாணி அளவு எல்இடி பல்புகள் ஆறு, டிவிக்கு வைத்திருந்த பழைய லொறி பேட்டரி, நடுவில் நீ வரைந்திருந்தபடி நான் செய்த சின்ன சர்க்கியூட் பலகை. முதலில் பலகை எதற்கு என்று நேராகக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பல்பு பட்டென்று போனது. பேட்டரி நிறைந்திருந்தாலும் வடிந்திருந்தாலும் பல்புக்குக் கரண்டு ஒரே அளவில் போகவேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதுதான் டிரைவர் என்று நீ எழுதிவைத்திருந்தாய். அதைக்கூட நான் முதலில் நம்பவில்லை, பார்த்தாயா?

என் குணம் உனக்குத் தெரியும். தேங்காய் வாங்கினால் நாலு தடவை ஆட்டிப் பார்ப்பேன். கொழும்பில் ரேடியோ திருத்தும் கடையை விட்டுவிட்டு நீ திடீரென்று வந்து நின்றபோதும் அப்படித்தான் பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மாதான் வந்தேன்" என்றாய். சும்மா யாராவது வேலையை விடுவார்களா? அடுப்புத் தணலில் செப்புக் கோலைக் காயவைத்து ஈயம் உருக்கினாய். நான் உள்ளே வந்தால் துவாயை எடுத்து எல்லாவற்றையும் மூடினாய். ஏன் மூடினாய் அண்ணா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம். வயரும் பேட்டரியும் வைத்திருந்த தமிழ்ப் பொடியன்களை, குண்டு செய்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கொழுந்து பறிக்கும் மலையில் தினமும் பேச்சு. ஒருநாள் காலை பெரட்டில், வேலை பிரிக்கும்போது, பக்கத்து டிவிஷனில் ஆமி செக்கிங் நடக்கிறது என்றார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். நீ பீலிக்குக் குளிக்கப் போயிருந்தாய். ராக்கைத் தட்டின் மேலிருந்த உன் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். பச்சைப் பலகை, சிவப்பு வயர், கறுப்பு வயர். அது என்ன என்று யோசிக்கவே இல்லை. நேரே கொண்டுபோய்க் கக்கூசுக் குழிக்குள் போட்டேன்.

அரை மணித்தியாலத்தில் அவர்கள் வந்தார்கள். கோலும் ஈயமும் மிச்ச வயரும் வீட்டில் கிடந்ததை நான் நினைக்கவில்லை. ஒருவர் அவற்றைக் காட்டி, "மே மொனவாத?" என்று, இதெல்லாம் என்னவென்று சிங்களத்தில் கேட்டார்.

"லைட்டு செய்யத்தாங்க சேர்."

"லைட் எக கோ?" அந்த லைட்டு எங்கே என்றார்.

நீ சிரித்துக்கொண்டே ராக்கைக்குக் கை நீட்டினாய். தட்டு வெறுமையாக இருந்தது. "இங்கதாங்க வச்சேன்... லைட்டு இங்கதாங்க இருந்திச்சி" என்று சட்டி பானையை எல்லாம் புரட்டினாய். நான் கதவோரம் நின்றேன். குழிக்குள் போட்டேன் என்று சொன்னால், ஏன் போட்டாய் என்று கேட்பார்களே? வாயை மூடிக்கொண்டேன். காட்டுவதற்கு உன்னிடம் விளக்கு இல்லை. உன்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதினேழு நாள் கழித்து வந்தாய். அதன்பிறகு அந்தக் கோலை நீ தொடவே இல்லை. யாரோ டின்னை எடுத்து உன்னை மாட்டிவிட்டதாகச் சொன்னாய். அந்த யாரோ, உன் கணக்கில், பக்கத்துக் காம்பரா செல்வம் அண்ணன்தான். நம் லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு, காம்பராவுக்குக் காம்பரா, நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லையே. அவர் ஒரு பெட்டி மேல் ஏறினால் நம் ராக்கைக்குக் கை எட்டும். சிறுவயதிலிருந்து ஒரே தட்டில் தின்றவரோடு பேச்சை விட்டாய். நீ சொன்னதை லயம் முழுவதும் பிடித்துக்கொண்டது. காட்டிக் கொடுத்தவன் என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

போன மாசியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் பாடையைத் தூக்க வந்தவரை, "நீ தொடாதடா" என்று தள்ளிவிட்டார்கள். அப்போதும் நான் அழுதுகொண்டு சும்மா இருந்தேன்.

நேற்று விளக்கைப் போட்டதும் வெளிச்சம் நடுச்சுவருக்கு மேலே அந்தப் பக்கமும் விழுந்தது. அங்கே சாமான் கட்டும் சத்தம் நின்றது. "அது அவன் லைட்டாம்மா?" என்று செல்வம் அண்ணன் கேட்டார். உன் விளக்கு இவருக்கு எப்படித் தெரியும், அப்படியானால் இவர் டின்னைத் திறந்திருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. டின்னைத் தூக்கிப் போட்டதே நான். அப்படியிருந்தும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். என்னை என்ன செய்தால் தகும்?

"ரெண்டு காம்பராவுக்கும் ஒண்ணா போடுவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஒனக்குத் திடீர்னு காட்டணுமாம், சொல்லிறாதன்னான்" என்றார். கொப்பியைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சுவர் வரைந்து, இந்தப் பக்கம் ஒரு விளக்கு, அந்தப் பக்கம் ஒரு விளக்கு. ஒன்றின் கீழே என் பெயர், மற்றதன் கீழே அவர் பெயர்.

இன்னொன்று கேட்க வேண்டும். அவர்கள் உன்னை விட்டு நீ திரும்பி வந்த அன்று என் தலையில் கை வைத்து, "இந்த லயத்தில ஒன்னய மட்டுந்தான் நம்புறேன்" என்றாயே. நிஜமாகத்தான் சொன்னாயா? இல்லை, எல்லாம் தெரிந்து, நானாகச் சொல்கிறேனா என்று பார்த்தாயா? யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடிக்கிறது.

செல்வம் அண்ணன் நாளைக் காலை கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குடிபோகிறார். ஒருவரும் முகம் கொடுக்காத இடத்தில் எத்தனை நாள்தான் இருப்பார்? அவர் வீட்டுக்குள் போய் மெதுவாக மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் லயமே கூடித் திட்டியவருக்கு என் ஒருத்தியின் கிசுகிசு எதற்கு?

லொறி வருமுன் பெரட்டு கூடும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவும் கங்காணிமாரும் எல்லாரும் நிற்பார்கள். அங்கே வைத்து, "டின்ன எடுத்தது செல்வம் அண்ணன் இல்லீங்க, நாந்தாங்க. எங்கண்ணன் மாட்டுனது என்னாலதாங்க" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுவேன். துப்புகிறவர்கள் என் மேல் துப்பட்டும். இது உன் மேல் சத்தியம். இந்த ஒரு தடவை என்னை நம்பு அண்ணா.

உன்னை நம்பாமல் போன,
உன் கூடப் பிறந்த தங்கச்சி