போல்ட்டைச் சுற்றிய சிவப்புப் பொடி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று அச்சு மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. அதுதான் எனக்கு உறுத்தியது. போன மாதம் அதன் மேல் தாங்கியின் நான்கு போல்ட்டுகளையும் நானே துடைத்து இறுக்கி, நட்டையும் தாங்கித் தகட்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தேன். இன்று நான்கிலும் கோடு விலகியிருந்தது.

மெஷின் ஓட்டும் செல்வத்தைக் கேட்டேன். "ஏலே, நட்டுல கை வச்சது நீதான?"

"ஆமாண்ணே. நீங்க இறுக்குனதுல இருந்து ஒரே கத்தல். அரைச் சுத்து விட்டேன், அடங்கிருச்சு."

அவன் சொல்வது பொய்யில்லை. தளர்ந்த தகடுகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும். தின்பது அதிர்வை மட்டும்தானா? போல்ட்டைச் சுற்றிச் சிவப்பாகப் பொடி படிந்திருந்தது.

"இது என்னலே?"

"வெள்ளிக்கிழமை பூஜைக் குங்குமம்ணே."

நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது. முதலாளி வீட்டில் துக்கம். நான் துடைத்த பிறகு மெஷினுக்குப் பூஜையே போடவில்லை. அது குங்குமம் இல்லை, இரும்பு தேய்ந்த துரு.

போல்ட் அறுந்தால் தாங்கி கீழே விழும்; செல்வம் அதற்கு அடியில்தான் குனிந்து நிற்பான். போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவனுக்கு நாளைக் காலை ஆறு மணி ஷிப்ட். நான் ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டும்.

மெஷின் கத்திக்கொண்டே இருந்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.